யார் கொடுத்த காசு

நான் சந்தா கட்டிவரும் பெண்கள் காலாண்டிதழோடு சென்ற மார்ச்சில் ஆசிரியரின் கடிதம் ஒன்றும் வந்தது. தாள் விலையும் தபால் செலவும் ஏறிவிட்டதால் ஆண்டுச் சந்தா 300 ரூபாயிலிருந்து 400 ஆகிறது. மாணவியருக்குப் பழைய சந்தாவே தொடரும். முடிந்தவர்கள் 2,500 ரூபாய் கட்டிப் ‘புரவலர் சந்தா’வில் சேரலாம், அந்தக் கூடுதல் தொகை முழுவதும் இதழில் எழுதும் பெண்களுக்குச் சன்மானமாகப் போகும். இதழ் தொடங்கிய நாளிலிருந்து எழுதிய எவருக்கும் ஒரு ரூபாய்கூடத் தர முடிந்ததில்லை என்பதையும் ஆசிரியர் மறைக்காமல் எழுதியிருந்தார்.

400 ரூபாயை அன்றே அனுப்பிவிட்டேன். 2,500இல்தான் கை நின்றது. போன தீபாவளிக்கு எடுத்த புடவை அதைவிட விலை கூடுதல். அப்போது நான் மூன்று வாரம் யோசிக்கவில்லை. இதற்கு யோசித்தேன். மனம் வரிசையாகச் சமாதானங்கள் சொன்னது. நானே இந்த இதழுக்குக் காசு வாங்காமல் எழுதுகிறவள், நான் எதற்குக் கொடுக்க வேண்டும்? காசு வந்தால் எழுத்து கெட்டுவிடாதா? ‘புரவலர்’ என்ற பட்டம் எனக்கு எதற்கு? மூன்றும் நான் கண்டுபிடித்தவை அல்ல. தமிழ் இலக்கியப் பழக்கம் எனக்குக் கற்றுக்கொடுத்தவை. ஆகவே அந்தப் பழக்கத்தைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும் என்று தோன்றியது.

புரவலர் என்றதும் தமிழ் வகுப்பில் முதலில் நினைவுக்கு வருவது புறநானூறு. பெருஞ்சித்திரனார் குமணனைப் பாடிய 159ஆம் பாட்டை ஆண்டுதோறும் நடத்துகிறேன். குப்பையில் முளைத்த கீரையை, ஏற்கெனவே கொய்த இடத்தில் மீண்டும் துளிர்த்ததைப் பறித்து, உப்பில்லாமல், மோரில்லாமல் வேகவைத்து உண்ணும் மனைவி அதில் வருகிறாள். புலவரின் வறுமையைக் காட்டும் பாட்டு என்று உரைகள் சொல்கின்றன. ஒருமுறை கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “பசி அந்தம்மாவுக்கு, பரிசு அவருக்கா மேடம்?” வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கேட்டது சரி. பரிசில் கேட்கும் பாட்டுக்குச் சாட்சியாக மனைவியின் உடல் மன்னன் முன் வைக்கப்படுகிறது.

பரிசில் கிடைத்த பிறகு பாடியது 163. உன்னை விரும்பி வாழ்வோர்க்கும், நீ விரும்புவோர்க்கும், சுற்றத்தார்க்கும், நம் பசி தீரக் குறியெதிர்ப்பை தந்தவர்களுக்கும் கொடு, என்னைக் கேட்க வேண்டாம் என்று மனைவியிடம் சொல்கிறார் புலவர். பெருந்தன்மையான பாட்டுதான். ஆனால் அதில் வரும் ‘குறியெதிர்ப்பை’ என்ற சொல்லில் நான் ஒவ்வோராண்டும் நின்றுவிடுகிறேன். அளந்து வாங்கி அதே அளவு திருப்பித் தரும் கைமாற்று அது. அக்கம்பக்கத்து வீடுகளில் படி அரிசி கேட்டு நின்றவள் யார்? புலவர் குமணனைத் தேடிப் போயிருந்த நாட்களில் உலை எப்படிக் கொதித்தது? குமணன் கொடுத்தது பிறகு. அதற்கு முன்பே அந்தப் பாட்டுகளுக்குச் செலவு செய்தவர்கள் பக்கத்து வீட்டுப் பெண்கள். கடன் வாங்கியவள் அவர் மனைவி. இவர்களை நாம் புரவலர் என்று சொல்வதில்லை.

நவீன இலக்கியத்திலும் கதை அதிகம் மாறவில்லை. மனைவியின் நகையை விற்றுப் பத்திரிகை நடத்தினார் என்ற வாக்கியம் நம் சிற்றிதழ் வரலாற்றில் பெருமையோடு சொல்லப்படுவது. வாக்கியத்தின் எழுவாயைப் பாருங்கள். விற்றவர் அவர், நடத்தியவர் அவர். நகை மட்டும் அவளுடையது. முதலீடு செய்தவளின் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை. இருந்தால் ‘பொறுமைசாலி’ என்ற அடைமொழியோடு இருக்கும்.

பாரதி சமையலுக்கு வைத்திருந்த அரிசியைக் குருவிகளுக்கு இறைத்த கதையைப் பள்ளிக் குழந்தையும் அறியும். மறுபடி அரிசிக்கு வழி தேடிய செல்லம்மா அந்தக் கதையில் ஓர் ஓரமாக நிற்கிறார். 1921இல் பாரதி இறந்தார். அடுத்த ஆண்டே ‘பாரதி ஆச்ரமம்’ என்ற பெயரில் அவருடைய ‘சுதேச கீதங்கள்’ நூலை வெளியிடும் வேலையில் செல்லம்மா இறங்கினார். தமிழ் மக்களின் ஆதரவையும் வேண்டினார். கைம்பெண் வெளியே முகம் காட்டவே தடை இருந்த காலம் அது. அந்த நிலையில் ஒரு பெண் வாசகரிடம் வந்து, இந்த எழுத்துக்கு நீங்கள் செலவு செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நாட்டுடைமை, மணிமண்டபம், விழா எல்லாம் பின்னால் வந்தவை.

இந்த இடத்தில் வர்ஜீனியா வுல்ஃபை அழைக்காத பெண்ணியக் கட்டுரை அரிது. எழுத ஒரு பெண்ணுக்குத் தனி அறையும் ஆண்டுக்கு 500 பவுண்டும் வேண்டும் என்று 1929இல் அவர் எழுதியதை நாம் அடிக்கடி சொல்கிறோம். அந்த 500 பவுண்டு எங்கிருந்து வந்தது என்பதை விட்டுவிடுகிறோம். நூலில் கதைசொல்லிக்கு அதை எழுதிவைத்தவர் அவளுடைய அத்தை. அந்த அத்தை இறந்தது பம்பாயில், குதிரையிலிருந்து விழுந்து. அக்காலப் பம்பாயில் காற்று வாங்கக் குதிரையில் போகிற ஆங்கிலப் பெண்ணின் சொத்தில் இந்த மண்ணின் உழைப்பு கலந்திருக்காது என்று என்னால் நம்ப முடியவில்லை. வுல்ஃபின் வாதத்தை இது பொய்யாக்கவில்லை. எழுத்துக்கு எப்போதும் யாரோ காசு கொடுத்திருக்கிறார்கள், அந்த யாரோவின் பெயர் கணக்கில் இருப்பதில்லை என்பதையே இதுவும் சொல்கிறது.

பெண் எழுதும்போது அந்த யாரோ யார்? பெரும்பாலும் அவளேதான். சில நேரம் இன்னொரு பெண். திருச்சி மாவட்டத்துத் துவரங்குறிச்சியில் சல்மா வீட்டுக்குத் தெரியாமல் எழுதினார். எழுதிய தாள்கள் அவருடைய அம்மாவின் கைவழியாக வெளியே போயின. இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 2013இல் வந்த ஆவணப்படத்திலும் பதிவாகியிருக்கிறது. அந்தத் தாயைவிடப் பெரிய புரவலர் எந்த ஊரில் இருந்தார்?

வாசகர்களின் காசில் நின்ற பெண் என்று தேடினால் வை. மு. கோதைநாயகி முன்னால் வந்து நிற்கிறார். ஐந்து வயதில் திருமணம். பள்ளிப் படிப்பில்லை. முதல் நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழி எழுதினார். 1925இல் ‘ஜகன்மோகினி’யைத் தம் பொறுப்பில் எடுத்தார். 115 நாவல்கள். ராஜாக்களும் ஜமீன்தார்களும் போடாத காசை வீட்டுப் பெண்கள் போட்டார்கள். சந்தா கட்டினார்கள், நாவல் வாங்கினார்கள். இலக்கிய வரலாறு அவரைப் பொழுதுபோக்கு எழுத்து என்று ஒரு வரியில் தள்ளிவைத்தது. அவருடைய நாவல்களில் திடீர்த் திருப்பங்களும் நீண்ட உபதேசங்களும் உண்டு. நல்லவள் வென்றே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் உண்டு. அதை நான் மறைக்கவில்லை. வாசகி காசு கொடுத்தால் தனக்குப் பிடித்த முடிவைக் கேட்பாள் என்பது உண்மை. ஆனால் மனைவியின் நகையில் நடந்த பத்திரிகை தூய இலக்கியம், பல பெண்களின் சில்லறையில் நடந்த பத்திரிகை வணிகம் என்று பிரித்தது யார்? அந்தத் தராசு எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

நான் இருக்கும் துவாக்குடியில் இப்படிக் குழப்பமில்லை. பெல் கொதிகலன் ஆலையை நம்பிச் சுற்றிலும் எழுந்த பட்டறைகள் இங்கே நிறைய. வெல்டிங்குக்கு ஒரு ரேட், கிரைண்டிங்குக்கு ஒரு ரேட். ஆர்டர் குறைந்த காலத்தில் ரேட்டும் குறையும், கூலி பாக்கி நிற்கும், சண்டை வரும். ஆனால் ‘உன் வெல்டிங் அழகாக இருக்கிறது, இந்தா பொன்னாடை’ என்று எந்த முதலாளியும் கணக்கு முடிப்பதில்லை. என் பீரோவில் மகளிர் தின விழாக்களில் போர்த்திய சால்வைகள் பத்தொன்பது இருக்கின்றன. பஸ் செலவு தந்த கூட்டங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். நான் ஆறு ஆண்டுகள் கௌரவ விரிவுரையாளராகவும் இருந்தவள். சம்பளம் எங்கே குறைகிறதோ அங்கே ‘கௌரவம்’ வந்து உட்காரும் என்பது எனக்கு அனுபவப் பாடம்.

இவ்வளவு பேசும் நான் என்ன செய்தேன்? சில ஆண்டுகளுக்கு முன் விருப்பப் பாடத்துக்கு ஒரு பெண் கவிஞரின் தொகுப்பை வைத்தேன். 120 ரூபாய் புத்தகம். ஒரு பிரதி வாங்கி, நாற்பது மாணவியருக்கு ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தேன். பிள்ளைகள் பாவம், எங்கே போவார்கள் என்றுதான் நினைத்தேன். கடைக்காரர் பக்கத்துக்கு இவ்வளவு என்று எண்ணி வாங்கிக்கொண்டார். தாளுக்குக் காசு போனது, மைக்குக் காசு போனது. எழுதியவளுக்கு மட்டும் எதுவும் போகவில்லை. அதே கவிஞரை மறு ஆண்டு கல்லூரிக்கு அழைத்து, என் கையாலேயே சால்வை போர்த்தினேன். அவர் மாணவியரின் கையில் இருந்த ஜெராக்ஸ் தாள்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் மூன்று வாரமும் என்னோடு இருந்தது.

காசு கொடுக்கிறவர் எழுத்தைத் தன் விருப்பத்துக்கு வளைத்துவிடுவார் என்ற பயம் மீதமிருக்கிறது. நியாயமான பயம். சங்கப் புலவர்கள் அதையும் யோசித்திருக்கிறார்கள். தன்னை நேரில் காணாமல் அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலை ஏற்காமல், நான் வாணிகம் செய்யும் பரிசிலன் இல்லை என்று மறுத்தார் பெருஞ்சித்திரனார். அது 208ஆம் பாட்டு. பரிசில் நீட்டித்தபோது ஔவையார் அதியமானின் வாயிற்காவலனிடம் சொன்னதோ 206ஆம் பாட்டு: தொழில் தெரிந்த தச்சன் வீட்டுப் பிள்ளைக்குக் காட்டில் மரம் கிடைக்காமல் போகுமா, எனக்கும் எந்தத் திசையிலும் சோறு உண்டு என்று மூட்டையைக் கட்டினார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகிறது. கொடுப்பவர் படித்திருக்க வேண்டும், காலத்தில் கொடுக்க வேண்டும், கொடுத்ததை வைத்து ஆளக் கூடாது. எழுதுகிறவளுக்குப் போக வேறு வாசல்களும் இருக்க வேண்டும். ஒரே அதியமான் இருக்குமிடத்தில்தான் காவலனுக்கு அவ்வளவு அதிகாரம். 2,500 கட்டுகிற நூறு பேர் இருந்தால் எவருடைய முகம் சுளித்தாலும் இதழ் கவலைப்பட வேண்டியதில்லை. கோதைநாயகியிடம் அந்தக் கூட்டம் இருந்தது. நம் இதழ்களிடம் இல்லை.

எல்லாப் பெண்களும் கட்ட வேண்டும் என்று இதை யாரும் படித்துவிட வேண்டாம். சம்பளம் வாங்கியும் ஏடிஎம் அட்டை கணவன் சட்டைப்பையில் இருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். விடுதிக் கட்டணத்துக்கு அம்மாவின் தோட்டை அடகு வைத்துவிட்டு வரும் மாணவிகளையும் தெரியும். அவர்களிடம் இலக்கியத்தின் பேரால் இன்னொரு நகையைக் கேட்பது பழைய கதையைத்தான் நீட்டும். அவர்கள் 300 ரூபாய்க்கோ நூலகத்திலோ படிக்கட்டும். அப்படி அவர்கள் படிப்பதற்காகவே என் போன்ற சம்பளக்காரிகள் கூடக் கொடுக்க வேண்டும். இது தானமில்லை. இதுவரை எழுதியவள் தனியாகக் கட்டிவந்த செலவில் ஒரு பங்கு.

நான்காவது வாரம் 2,500 ரூபாயை அனுப்பினேன். கூடவே ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினேன். ‘புரவலர்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள், ‘கூடுதல் சந்தா’ என்றே போடுங்கள். கொடுத்தவர் பெயர்களை அச்சிட வேண்டாம். எழுதியவர்களுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை ஆண்டுக்கொருமுறை அச்சிடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். எனக்கும் சன்மானம் அனுப்புங்கள், மறுக்க மாட்டேன் என்றும் எழுதினேன். அந்த வரியை எழுதத்தான் அதிகக் கூச்சமாக இருந்தது.

கவிஞருக்குக் கணக்கு வேறு. நாற்பது பிரதிக்கு 4,800 ரூபாய். அதில் அவருக்கு உரிமைத்தொகையாக எவ்வளவு வந்திருக்கும் என்பதைப் பதிப்பகத்திடம் கேட்டுக் கணக்குப் பார்க்காமல், முழுத் தொகையையும் அவருக்கு அனுப்பி, எதற்கென்றும் எழுதினேன். இரண்டு நாள் கழித்து அழைத்தார். “அன்னிக்கே தெரியும்ப்பா, கேட்கக் கூச்சமா இருந்துச்சு” என்றார். பிறகு, அந்தப் பணத்தில் பாதியை வீட்டு வாடகை பாக்கிக்குக் கட்டியதாகச் சொன்னார்.