45 வேகன் இழுக்கும் என்றால் என்ன அர்த்தம்? மாடல் ரயில் மதிப்புரைகளில் வரும் ஒரு எண்ணைப் பற்றி

அமெரிக்காவின் 'மாடல் ரெயில்ரோடர்' பத்திரிகையில் புது என்ஜினுக்கு மதிப்புரை வந்தால், கூடவே அளவுகளின் சின்னப் பட்டியல் ஒன்று இருக்கும். அதில் நான் முதலில் தேடுவது இழுவை. என்ஜினின் பின்பக்கக் கொக்கியில் எத்தனை அவுன்ஸ் இழுப்பு கிடைக்கிறது என்று அளந்து, அது நேரான, சமமான தண்டவாளத்தில் எத்தனை வேகன்களுக்குச் சமம் என்றும் போட்டிருப்பார்கள். நேர்மையான பழக்கம்தான். பல இடங்களில் "நல்லா இழுக்குது" என்ற இரண்டு வார்த்தையோடு மதிப்புரை முடிந்துவிடுகிறது. அளந்து எழுதுகிறவர்களைக் குறை சொல்வதற்கு முன்னால் நன்றி சொல்லணும்.

ஆனாலும் குறை இருக்கு. வாங்குகிறவர் மனசில் தங்குவது அவுன்ஸ் கணக்கு இல்லை, வேகன் கணக்கு. நேரான, சமமான தண்டவாளம் யார் வீட்டிலும் கிடையாது என்பதுதான் சிக்கல்.

இந்த இழுவை எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். பலரும் மோட்டாரைப் பார்த்து என்ஜின் வாங்குகிறார்கள். இன்றைய நல்ல மாடல்களில் மோட்டாருக்குப் பலம் போதவில்லை என்பது அபூர்வம். மோட்டார் திணறுவதற்கு முன்பே சக்கரம் வழுக்கிவிடும். வழுக்காமல் எவ்வளவு இழுக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது இரண்டே விஷயம்: மோட்டாரால் சுழலும் சக்கரங்களின் மேல் அமரும் எடை, சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலான உராய்வு.

நிஜ ரயிலிலும் இதே கதைதான். யூனியன் பசிபிக் 1941-இல் ஓட்டத் தொடங்கிய 'பிக் பாய்' நீராவி என்ஜினின் இயக்குச் சக்கரங்கள் மேல் இருந்த எடை சுமார் 5,40,000 பவுண்டு. இழுவை விசை 1,35,375 பவுண்டு. கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. மேசை மேல் ஓடும் உலோகச் சக்கர மாடலுக்கும் எடையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நாலில் ஒரு பங்கு வரை என்று கணக்கு வைத்துக்கொண்டால் பெரிதாகத் தப்பாது.

இப்போ ஒரு கணக்கு போடுவோம். ஹெச்ஓ அளவு, அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. எல்லாச் சக்கரமும் இயங்கும் ஒரு டீசல் என்ஜின், எடை 400 கிராம், கொக்கியில் 90 கிராம் இழுவை என்று வைத்துக்கொள்வோம். வேகனின் எடைக்கு அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் ஒரு பரிந்துரை வைத்திருக்கிறது: ஒரு அவுன்ஸ், அதோடு நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். ஆறு அங்குல வேகன் 4 அவுன்ஸ், அதாவது 113 கிராம். நன்றாக உருளும் வேகனைச் சமதளத்தில் இழுக்க சுமார் 2 கிராம் விசை வேணும். 90-ஐ 2-ஆல் வகுத்தால் 45 வேகன். மதிப்புரையில் அச்சாவது இந்த மாதிரி எண்தான்.

அதே ரயிலை 3 சதவீத ஏற்றத்தில் விடுங்க. நூறு செ.மீ. போனால் 3 செ.மீ. உயரும் பாதை. ஒவ்வொரு வேகனும் தன் எடையில் 3 சதவீதத்தைக் கூடுதலாகப் பின்னுக்கு இழுக்கும். 2 கிராம் இருந்த இடத்தில் 5.4 கிராம். என்ஜின் தன்னைத்தானே மேலே ஏற்றிக்கொள்ளவே 12 கிராம் போய்விடும். மீதி 78. வகுத்தால் 14 வேகன். வளைவு இன்னும் கணக்கிலேயே வரவில்லை. ஏற்றத்திலேயே இறுக்கமான வளைவும் வந்தால் இன்னும் சில வேகன்களைக் கழற்றணும்.

45 எங்கே, 14 எங்கே! என்ஜினில் ஒரு குறையும் இல்லை, மதிப்புரையிலும் பொய் இல்லை. ஆனால் அந்த எண்ணை நம்பி 30 வேகன் வாங்கினவருக்குப் பாதி ரயில் அலமாரியில்தான் நிற்கும்.

3 சதவீதம் அதிகமில்லையா என்று கேட்கலாம். அதிகம்தான். இங்கிலாந்தின் பிரசித்தமான லிக்கி ஏற்றம் 37.7-க்கு 1, அதாவது சுமார் 2.65 சதவீதம். அங்கே ரயில்களைப் பின்னாலிருந்து தள்ளுவதற்கென்றே 1919-இல் பத்துச் சக்கர என்ஜின் ஒன்றைக் கட்டினார்கள். 'பிக் பெர்த்தா' என்று பெயர் பெற்ற அது 1956 வரை அந்த வேலையைப் பார்த்தது. ஒரு சின்ன அறைக்குள் ஒரு பாதைக்கு மேல் இன்னொரு பாதையைக் கடத்த நினைக்கும் நாம், லிக்கியைவிடச் செங்குத்தான ஏற்றத்தைச் சர்வசாதாரணமாகக் கட்டிவிடுகிறோம். பிறகு என்ஜினைத் திட்டுகிறோம்.

உராய்வைக் கூட்ட கம்பெனிகள் கையாண்ட வழிகளுக்கும் ஒரு விலை உண்டு. அமெரிக்காவின் லயனல் 1950 வாக்கில் சக்கரங்களைக் காந்தமாக்கியது. தகரத் தண்டவாளத்தை அது பிடித்துக்கொண்டது. பிரிட்டனில் டிரையாங் ஹார்ன்பியும் காந்த வழியை முயன்றது. அடியில் இரும்பு இருக்கும்வரைதான் இந்த வித்தை. துருப்பிடிக்காத நிக்கல் சில்வர் தண்டவாளத்தைக் காந்தம் கண்டுகொள்ளாது. ஜெர்மனியின் மார்க்லின் போன்றவர்கள் நம்பியது சக்கரத்தில் மாட்டும் ரப்பர் வளையத்தை. இழுவை நன்றாகவே கூடும். ஆனால் ரப்பர் மின்சாரம் கடத்தாது. மார்க்லினின் மூன்றாம் தட முறையில் நடுப்புள்ளிகளிலிருந்து தனியாக மின்சாரம் எடுப்பதால் அது பெரிய இழப்பில்லை. இரண்டு தண்டவாளத்திலிருந்தே மின்சாரம் எடுக்கும் சின்ன என்ஜினில் இரண்டு சக்கரம் ரப்பராகிவிட்டால், அழுக்குத் தண்டவாளத்தில் அது தயங்கி நிற்கும். வளையம் தேயும், கழன்று வரும். அதனால் ரப்பர் வளையத்தைப் பாராட்டும் மதிப்புரை, மாற்று வளையம் கிடைக்குமா என்பதையும் சொல்லணும்.

எடையைச் சேர்ப்பதற்கும் எல்லை உண்டு. சக்கரம் வழுக்குவது மோட்டாருக்கு ஒரு பாதுகாப்பு. வழுக்கவே முடியாத அளவுக்கு ஈயத்தைத் திணித்தால், பாரம் மிஞ்சும்போது மோட்டார் சுற்றாமல் நின்று சூடேறும். நீராவி மாடலில் எடை எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். முன்னும் பின்னும் சும்மா உருளும் சின்னச் சக்கரங்கள் மேல் விழும் எடை இழுவைக்கு உதவாது. நிலக்கரிப் பெட்டிக்குள் மோட்டாரை வைத்த மாடல்களில் அழகான என்ஜினே தள்ளப்படும் பாரமாகிவிடுகிறது.

இன்னொன்று, இழுவை என்பது என்ஜினின் குணம் மட்டுமில்லை, முழு ரயிலின் குணம். ஒரு மீட்டர் பலகையில் தண்டவாளத்தைப் பொருத்தி ஒரு முனையை 2 செ.மீ. உயர்த்துங்க. வேகனை லேசாகத் தட்டிவிடுங்க. தொடர்ந்து உருண்டால் நல்ல வேகன். நின்றுவிட்டால், புது என்ஜினுக்குப் போகும் காசில் ஒரு பங்கை அந்த வேகனின் சக்கரங்களுக்குச் செலவழிப்பது மேல். எடை குறைந்த வேகனை முன்னால் மாட்டிப் பலமான என்ஜினால் இழுத்தாலும் ஆபத்து. இறுக்கமான வளைவில் அது உட்பக்கமாகச் சாய்ந்து தடம் புரளும்.

ஆகவே மதிப்புரை எழுதுபவர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. என்ஜினின் எடை, அதில் எவ்வளவு இயக்குச் சக்கரங்கள் மேல் இருக்கிறது, ரப்பர் வளையம் உண்டா, பாரம் மிஞ்சினால் சக்கரம் வழுக்குகிறதா இல்லை மோட்டார் நிற்கிறதா, 2 சதவீத ஏற்றத்தில் எத்தனை வேகன். மேலே சொன்ன என்ஜினுக்கு அந்தக் கடைசி எண் 19 என்று வரும். 45-ஐவிடச் சின்ன எண்தான், விளம்பரத்துக்கு உதவாது. ஆனால் பெட்டியைத் திறந்து வீட்டில் ஓட்டப்போகிறவருக்கு வேண்டியது அதுதான்.

19 போதாது என்றால் இன்னும் பெரிய என்ஜினைத் தேடி அலைய வேண்டாம். ஒரே வேகத்தில் ஓடும் இரண்டு நடுத்தர என்ஜின்களைச் சேர்த்து மாட்டுங்க. அல்லது லிக்கியில் செய்த மாதிரி பின்னால் ஒன்றைத் தள்ள விடுங்க.