ட-வுக்குப் பக்கத்து வெள்ளை

எந்தப் புத்தகக் கடைக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் தேடுவது ட-வைத்தான். இடப்பக்கம் நிமிர்ந்த ஒரு கோடு, கீழே படுத்த ஒரு கோடு, மீதியெல்லாம் வெள்ளை. அந்த வெள்ளையை என்ன செய்திருக்கிறார் என்று பார்த்தால் அட்டையை வடிவமைத்தவரின் கை தெரிந்துவிடும். சும்மா விட்டால் பல் விழுந்த வாய்போல் சொல்லுக்கு நடுவே ஓட்டை. தெரிந்தவர் கீழ்க்கோட்டைக் கொஞ்சம் குறுக்குவார். அடுத்து த வந்தால் அதன் மேற்கோட்டை இடப்பக்கம் நீட்டி, ட-வின் தலைக்குத் தாழ்வாரம்போல இறக்குவார். இரண்டெழுத்தும் ஒரே வீட்டில் குடியிருக்கும்.

வெள்ளையைப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஓவியர் கே.எம்.ஆதிமூலம். அவரை நேரில் பார்த்ததில்லை. பள்ளிக்கூட நாட்களில், முடிவெட்டும் கடையில் முறைக்காகக் காத்திருந்தபோது கையில் கிடைத்த ஜூனியர் விகடனில் எழுத்தாளர் கி.ரா.வின் ‘கரிசல்காட்டுக் கடுதாசி’. எழுத்தைப் பிறகுதான் வாசித்தேன். அன்று பார்த்தது கூடவே இருந்த ஆதிமூலத்தின் கோடுகளை. நெருக்கி நெருக்கிக் கீறிய மைக்கோடுகளுக்கு நடுவே, மை படாத இடம் முகமாக எழுந்து நின்றது. முறை வந்தும் நான் எழுந்திருக்கவில்லை. அன்றிரவு பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் அதைப் பார்த்து வரைந்தேன். முகம் வரவில்லை. தாளின் மூலையில் கிறுக்கிய என் பெயர் மட்டும் அழகாக வந்திருந்தது. படம் வரையும் ஆசை என்று நான் எண்ணியிருந்தது, எழுத்தைப் படமாக்கும் ஆசை என்று அப்போது தெரிந்தது. அதிலிருந்து இன்றுவரை வெளியே வரவில்லை.

துறையூர் பக்கத்துக் கீராம்பூரில் 1938-இல் பிறந்தவர் ஆதிமூலம். சிற்பி தனபாலின் அரவணைப்பில் சென்னை ஓவியக் கல்லூரிக்கு வந்தார். அப்போது அங்கே முதல்வர் கே.சி.எஸ்.பணிக்கர். 1960-களில் பணிக்கர் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் எழுத்துபோலத் தெரிகிற, ஆனால் வாசிக்க முடியாத குறிகளால் கித்தானை நிரப்பினார். எழுத்து அங்கே ஓவியமாகிவிட்டது. அந்த ஓவியத்தை ஆதிமூலம் மறுபடியும் எழுத்துக்குக் கொண்டுவந்தார், வாசிக்கக்கூடிய எழுத்துக்கு. சிறுபத்திரிகைகளுக்கும் நூல் அட்டைகளுக்கும் அவர் எழுதிய தலைப்புகளை இப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி அவர் வரைந்த காந்திக் கோடுகளைக் கொண்டாடுகிறவர்கள் பலர்; நியாயம்தான். ஆனால் அந்தக் கைதான் தலைப்பெழுத்தையும் எழுதியது என்பதை ஏனோ அடிக்குறிப்பாகவே சொல்கிறோம்.

அவர் கோடுகள் இடம்பெற்ற ‘கசடதபற’ சிறுபத்திரிகையின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறெழுத்து. புள்ளி இல்லை, கொம்பு இல்லை. க, ச, த மூன்றுக்கும் மேலே கூரை உண்டு. ட-வும் ப-வும் திறந்த முற்றம். த-வும் ற-வும் மட்டும் கோட்டுக்குக் கீழே கால் நீட்டும். எழுத்து வரையப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. ட்ரேசிங் பேப்பர் வைத்து அந்த ஆறெழுத்தை எத்தனையோ ராத்திரி வரைந்திருக்கிறேன். முதல் தாளில் எழுத்துகள் தனித்தனியே நிற்கும். பத்தாவது தாளில் ஒன்றையொன்று திரும்பிப் பார்க்கும். இருபதாவது தாளில் எழுத்தை விட்டுவிட்டு இடைவெளியை வரையத் தொடங்கியிருப்போம். அதுவரை செய்ததெல்லாம் கைப்பழக்கம். வடிவமைப்பு அங்கேதான் தொடங்குகிறது.

ஓவியர் கோபுலுவின் கோட்டில் தோய்ந்த நண்பர்கள் எனக்கு உண்டு. கோபுலு வரைந்தால் சிரிப்பு தானாக வரும், ஆதிமூலத்தில் அந்தச் சரளம் எங்கே என்று கேட்பார்கள். சரளத்தை நானும் ரசிக்கிறேன். ஆனாலும் சில சொற்கள் கொஞ்சம் கரடுமுரடாக நின்றால்தான் மனதில் ஊன்றும். இன்னொரு கட்சி, எழுத்து வாசிக்க வந்தால் போதும் என்பது. பேருந்துப் பலகைக்கு அது போதும். ஒரு நாவலின் பெயரை வாசகர் முதல் பக்கத்தைத் திறக்குமுன் ஒருமுறை, மூடி வைத்தபின் ஒருமுறை பார்க்கிறார். இரண்டாம் முறை பார்க்கும்போது அந்த எழுத்தில் கதையின் குரல் இருக்க வேண்டாமா?

இன்று புத்தகக் காட்சியில் நடந்துவந்தால் மனம் கனக்கிறது. கிடைத்த ஃபான்டில் தலைப்பைத் தட்டி, அட்டை நிரம்பப் பக்கவாட்டில் இழுத்துவிடுகிறார்கள். அப்படி இழுத்தால் நிமிர்ந்த கோடுகள் மட்டும் தடித்து, படுத்த கோடுகள் பழைய மெலிவிலேயே நிற்கும். எழுத்துக்கு வீக்கம் கண்டதுபோல் இருக்கும். அதை மறைக்க ஒரு நிழல், சுற்றி ஒரு வெள்ளை விளிம்பு. பழி கணினியின் மேல் இல்லை. ட-வுக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே கர்சரை வைத்து, ஆல்ட் விசையோடு அம்புக்குறியை நாலு தட்டுத் தட்டினால் ஓட்டை அடைந்துவிடும். அந்த நாலு தட்டுக்கு நேரம் கொடுக்கிற பதிப்பாளர்கள் குறைந்துவிட்டார்கள். ஓட்டையைப் பார்க்கிற கண்ணும் குறைந்துவிட்டது. முந்தையது சரியாகாவிட்டாலும் பிந்தையதைப் பழக்கிவிடலாம்.

என்னிடம் வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வரைந்த தலைப்பைத் தலைகீழாகத் திருப்பு. இப்போது அது சொல் அல்ல, கறுப்பும் வெள்ளையும் மட்டும். கறுப்பை மறந்துவிட்டு வெள்ளையை மட்டும் எண்ணு. எங்கேயாவது ஒரு வெள்ளை தனியாக அழுதுகொண்டிருக்கும். பெரும்பாலும் அது ட-வுக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.