தீப்பந்தம் எத்தனை நேரம் எரியும்?

என் அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரே விளையாட்டு ஏழு புத்தகங்களாக நிற்கிறது. எதைத் திறந்தாலும் ஒரு சிறு கூட்டம் இருண்ட நிலவறைக்குள் இறங்குகிறது, பகடை உருள்கிறது, முதல் அரைமணிக்குள் யாராவது ஒருவர் செத்துப்போகிறார். இப்போது எட்டாவது ஒன்றின் மேல் கண். திருக்குறளுக்கு ஒன்பது உரை வாங்கி வைத்திருப்பவரை வீட்டார் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படித்தான் என்னையும் பார்க்கிறார்கள்.

மூலநூல் 1974-இல் வந்தது: கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள், முதல் அச்சு ஆயிரம் பிரதி. அதை வைத்து ஆடக் கற்றவர்கள் பொறுமைசாலிகள். 1981-இல் டாம் மோல்ட்வே தெளிவாக்கித் தந்த பதிப்பைத்தான் இன்று பழைய பாணி என்று பேசுகிறவர்களில் பலர் மனத்தில் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பதிப்பின் சூட்சுமம் அதன் கணக்கில் இருக்கிறது. பத்திரமாக வெளியே கொண்டுவரும் ஒரு பொற்காசுக்கு ஓர் அனுபவப் புள்ளி. ‘ஓர்க்’ என்ற அரக்கனைக் கொன்றால் பத்துப் புள்ளிதான். அதையும் கூட்டாளிகளோடு பங்கிட வேண்டும். வீரன் இரண்டாம் நிலைக்கு ஏறவோ 2,000 புள்ளி தேவை. முதல் நிலை மந்திரவாதியின் உயிர், நாலுமுகப் பகடையில் விழும் எண் அளவுதான். ஒரு குத்துக்குத் தாங்காது. ஆக, சண்டை நட்டம். பதுங்குவதும் பேரம் பேசுவதும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் லாபம். பழைய பாணிக்கு ஏங்குகிறவர்கள் உண்மையில் ஏங்குவது இந்தக் கூலிமுறைக்குத்தான் என்பது என் கட்சி. அட்டை ஓவியமெல்லாம் அப்புறம்.

ஒரே ஆட்டத்துக்கு ஏன் இத்தனை புத்தகம்? அமெரிக்கச் சட்டத்தில் விளையாட்டின் விதிமுறைக்குப் பதிப்புரிமை கிடையாது. அதை எழுதிய சொற்களுக்குத்தான் உண்டு. 2000-இல், அப்போது ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ உரிமையை வைத்திருந்த விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வெளியிட்ட திறந்த உரிமம், கலைச்சொற்களில் பலவற்றையும் பொதுவில் விட்டது. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு 2006-இல் ‘ஓஸ்ரிக்’ வந்தது. கைகாக்ஸின் பழைய ‘அட்வான்ஸ்டு’ விதிகளை வேறு சொற்களில் எழுதிய நூல் அது. அதன் நோக்கத்தைப் பலரும் மறந்துவிட்டார்கள். பழைய ஆட்டத்துக்கான புதிய சாகசக் கதைகளைச் சட்டச் சிக்கல் இல்லாமல் அச்சிட ஒரு வழி வேண்டும். அந்த வழிக்காக எழுதப்பட்டதுதான் விதிநூல். பந்தி போடுவதற்காகக் கட்டிய பந்தல் அது. இன்று நாம் பந்தல்களைச் சேகரிக்கிறோம்.

அதற்காக எல்லாப் பந்தலும் ஒன்று என்று சொல்லமாட்டேன். கேவின் நார்மனின் ‘ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ்’ (2019) மோல்ட்வே பதிப்பின் விதிகளில் ஏறக்குறைய எதையுமே தொடவில்லை. நல்ல பதிப்பாசிரியரின் வேலையை மட்டும் செய்தது. பெரும்பாலும் ஒரு விஷயம் எதிரெதிர் இரண்டு பக்கங்களுக்குள் முடிந்துவிடும். ஆட்டம் நடத்துபவருக்கு அதன் அருமை தெரியும். காசே செலவழிக்க மனமில்லையா, ‘பேசிக் ஃபேன்டஸி’ மின்நூலாக இலவசம். அச்சுப் பிரதியும் அடக்க விலைக்கு. ‘கெய்ர்ன்’ (2020) வேறு திசை. அதில் அடி படுமா என்று பகடை உருட்டுவதே இல்லை, நேராகச் சேதம்தான். சுமக்கப் பத்து இடம். மந்திரம் போட்ட களைப்பும் அதில் ஓர் இடத்தை அடைத்துக்கொள்ளும். அழகான யோசனை. ஆனால் பொன்னுக்குப் புள்ளி என்ற கணக்கு அதில் இல்லை, எனக்கு அது உப்பில்லாப் பண்டம்.

‘டஞ்சன் கிரால் கிளாசிக்ஸ்’ (2012) மட்டும் தனி ரகம். ஆளுக்கு மூன்று நான்கு சாதாரணக் குடியானவர்களை நிலவறைக்குள் தள்ள வேண்டும். பிழைத்து வருகிறவனே நாயகன். ஏழுமுகம், பதினாறுமுகம், முப்பதுமுகம் என்று பகடைகள் வேறு. நானூறு பக்கத்தைத் தாண்டும் அந்த நூலை வாங்கியதற்கு நான் வருந்தியதில்லை.

2023 ஜனவரியில் பழைய திறந்த உரிமத்தை ரத்து செய்ய விஸார்ட்ஸ் முயன்று, எதிர்ப்பில் பின்வாங்கியது. அதற்குள் நம்பிக்கை போய்விட்டது. பலர் அந்த உரிமத்தைக் களைந்து தங்கள் நூல்களைத் திருத்தி வெளியிட்டார்கள். நம் அலமாரியில் இருப்பதையே நம்மிடம் மறுபடி விற்கும் பதிப்புகளில் சில இப்படிப் பிறந்தவை.

அதே ஆண்டுதான் நான் கண் வைத்திருக்கும் எட்டாவதும் வந்தது: கெல்சி டியோனின் ‘ஷேடோடார்க்’. முன்பதிவிலேயே 13 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிய நூல். மோல்ட்வேயின் தீப்பந்தம் ஆறு ‘டர்ன்’ எரியும்; ஒரு டர்ன் பத்து நிமிடம். கதைக்குள் ஒரு மணி நேரம், அதையும் யாராவது குறித்துவைத்தால்தான். பாதி ஆட்டங்களில் குறிக்க மறந்து பந்தம் விடியும்வரை எரிந்தது எங்களுக்குத் தெரியும். டியோனின் பந்தமும் ஒரு மணி நேரம்தான் எரியும், ஆனால் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நமது கடிகாரத்தில்.

இதற்குப் புத்தகம் வேண்டுமா என்று பார்க்க, போன ஞாயிறு என் பழைய விதிநூலோடு கைபேசியில் ஒரு மணி நேரம் வைத்து ஆடினோம். கதவுக்கு இந்தப் பக்கம் புதையலை எப்படிப் பங்குபோடுவது என்று எல்லோரும் வாதாடிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. மாற்றுப் பந்தம் திருடனின் மூட்டை அடியில். மூன்று பேர் செத்தார்கள்.

எட்டாவதன் பணத்துக்கு இரண்டு சாகச நூல்கள் சொல்லியிருக்கிறேன்.