அட்லிட் யாம் எலும்புகளும் காசநோய்ச் சான்றின் வலிமையும்

இஸ்ரேலின் ஹைஃபா நகருக்குத் தெற்கே, கடலில் மூழ்கிக் கிடக்கும் புதிய கற்கால ஊர் அட்லிட் யாம். அங்கு ஒருங்கே அடக்கம் செய்யப்பட்டிருந்த ஒரு பெண், ஒரு குழந்தை ஆகிய இருவருக்கும் காசநோய் இருந்ததென 2008ஆம் ஆண்டில் ஹெர்ஷ்கோவிட்ஸ் குழுவினர் அறிவித்தனர். அவ்வெலும்புகளின் தொன்மை ஏறத்தாழ 9000 ஆண்டுகள். கால்நடைகளிடமிருந்தே இந்நோய் மனிதரைத் தொற்றியது என்னும் பழைய கருத்தை மறுப்போர் இதனை முதன்மைச் சான்றாக எடுத்தாள்கின்றனர். அத்துணைப் பெரிய முடிபை இச்சான்று தாங்குமா என்பதே ஆராயத்தக்கது.

முதலில் எலும்பு. குழந்தையின் மண்டையோட்டின் உட்புறத்தில் பாம்புபோல் நெளியும் தடங்கள் காணப்பட்டன. இவை காசநோய்க்கு மட்டுமே உரியன அல்ல. மூளையுறை அழற்சி வேறு காரணத்தால் வரினும் தோன்றக்கூடும். எனவே வாதத்தின் முழுப் பாரமும் ஆய்வகத்தின்மேல் விழுகிறது.

ஆய்வகச் சான்று இருவகைத்து. ஒன்று, பி.சி.ஆர். முறையில் பெருக்கப்பட்ட டி.என்.ஏ.வின் குறுந்துண்டுகள். ஐ.எஸ்.6110 என்னும் வரிசை காசநோய் நுண்ணுயிரின் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. ஆயினும் அதனை ஒத்த வரிசைகள் சுற்றுச்சூழலில் வாழும் பிற மைக்கோபாக்டீரியங்களிலும் இருத்தல் கூடும். வில்பர் குழுவினர் 2009இல் இத்துறையின் முறையியலையே வினாவுக்கு உட்படுத்தினர். அதே ஆண்டில் மறுமொழியும் வெளிவந்தது. மற்றொன்று, நுண்ணுயிரின் செல்சுவரிலுள்ள மைக்கோலிக் அமிலம். பெருக்கப்படாமல் நேரடியாகக் கண்டறியப்படுவதால், பி.சி.ஆர். பெருக்கத்தில் நேரும் மாசு இதனைத் தீண்டாது. என் நோக்கில், அவ்வாய்வின் வலுவான பகுதி இதுவே. மறுப்போர் இதற்கு உரிய இடம் தரவில்லை.

எனினும் ஓர் இடர் எஞ்சுகிறது. பெருவைச் சார்ந்த, ஏறத்தாழ 1000 ஆண்டுப் பழமையுடைய மூன்று எலும்புக்கூடுகளிலிருந்து காசநோய் நுண்ணுயிரின் முழு மரபணுத்தொகுதியைப் போஸ் குழுவினர் 2014இல் மீட்டனர். சிதைவுத் தடம் பதிந்த பழந்துண்டுகளைத் திரட்டிப் பெறும் முறை அது. அந்நுண்ணுயிர் கடல்நாய்களைத் தாக்கும் வகைக்கு நெருங்கியதென்பதை எலும்பு ஒருபோதும் சொல்லியிராது. அவர்தம் கணிப்பில், இன்றைய காசநோய் நுண்ணுயிர்க் குழுவின் பொது மூதாதை 6000 ஆண்டுகளுக்கு உட்பட்டது. அட்லிட் யாம் ஆய்வோ, டி.பி.டி.1 பகுதியை இழந்த, அக்குழுவின் பிந்தைய கிளையொன்றையே 9000 ஆண்டுகளுக்கு முன் வைக்கிறது. இரண்டும் ஒருங்கே மெய்யாதல் அரிது. மூலக்கூற்றுக் கடிகாரம் மாறா வேகத்தை ஓரளவு எடுகோளாகக் கொள்வது. ஆதலின் போஸ் கணிப்பை மட்டும் கொண்டு பழைய முடிபைத் தள்ளிவிடவும் இயலாது. அதே எலும்புகளில் முழு மரபணுத்தொகுதியைத் தேடும் மறுசோதனை நிகழ்ந்து, உடன் கிடந்த களிமண்ணும் அதே முறையில் சோதிக்கப்படும்வரை, அட்லிட் யாமை 'மிகப் பழமையான காசநோய்' எனப் பாடநூல்கள் ஐயமின்றி எழுதுதல் முறையன்று.