தொழில்: இல்லை

ஆம்பூரில் ஒரு தனியார் நர்சரிப் பள்ளியில் நான் ஓவிய ஆசிரியையாக இருந்தேன். இரண்டாம் வகுப்பின் பொது அறிவுப் புத்தகத்தில் 'உலகப் புகழ்பெற்ற ஓவியங்கள்' என்று ஒரு பக்கம் இருந்தது. தபால்தலை அளவில் ஐந்து படங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஓவியத்தின் பெயர், ஓவியர் பெயர், ஆண்டு. பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைகள் அதை ஒப்பிக்க வேண்டும். நான் அட்டையைத் தூக்கிக் காட்டியதும், "இம்ப்ரெஷன், சன்ரைஸ்! க்ளோத் மோனே! 1872!" என்று வகுப்பே ஒரே குரலில் கத்தும். பெற்றோர் கைதட்டுவார்கள். நானும் பெருமைப்பட்டிருக்கிறேன்.

அதே பிள்ளைகளின் சேர்க்கைப் படிவங்களை நிரப்பிக் கொடுத்ததும் நான்தான். தந்தையின் தொழில் என்ற இடத்தில் ஷூ கம்பெனி, டேனரி, ஆட்டோ என்று விதவிதமாக வரும். தாயின் தொழில் என்ற இடத்தில் பெரும்பாலும் ஒரே சொல்: இல்லத்தரசி. அந்தப் பெண்களில் பலரை எனக்குத் தெரியும். ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போடும் ஷூவின் மேல்பாகத்தை, அதாவது அப்பரை, ஜோடிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு வாசலில் உட்கார்ந்து தைப்பவர்கள். ஊசி குத்திக் குத்தி விரல்நுனி காய்த்துப்போனவர்கள். அவர்கள் தைப்பதில் பெரும்பங்கு ஐரோப்பாவுக்குப் போகிறது.

ஒப்பிக்கும் பக்கத்தையும் சேர்க்கைப் படிவத்தையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தாமதமாகத்தான் தோன்றியது. இரண்டும் 'வெறும் தகவல்' என்ற பெயரில் வருகின்றன. யாருடைய உழைப்பு பெயர் சொல்லி எழுதப்படும், யாருடையது எழுதப்படாது என்பதை இரண்டும் குழந்தைக்குக் கற்றுக்கொடுத்துவிடுகின்றன.

அந்தப் பக்கத்தில் ஐவரும் ஆண்கள். மோனேயின் சூரிய உதயம் முதன்முதலாக 1874-இல் பாரிஸில் காட்டப்பட்டது. அந்தத் தலைப்பைக் கேலி செய்து லூயி லெரூவா என்ற விமர்சகர் எழுதியதிலிருந்துதான் இம்ப்ரெஷனிஸ்டுகள் என்ற பெயரே நிலைத்தது. இதை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அதே கண்காட்சியில் பெர்த் மொரிசோ என்ற பெண்ணின் ஓவியங்களும் இருந்தன. அந்தக் குழு நடத்திய எட்டுக் கண்காட்சிகளில் ஏழில் அவர் பங்கேற்றார். விட்டுப்போன ஒன்று 1879-இல் நடந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அவருக்கு மகள் பிறந்திருந்தாள். 1895-இல் அவர் இறந்தபோது இறப்புச் சான்றிதழில் தொழில் இல்லை என்று பதிவானது. கல்லறைக் கல்லிலும் ஓவியர் என்ற சொல் இல்லை. எஜேன் மனேயின் விதவை என்றிருக்கிறது.

இதைப் படித்த அன்று எனக்கு எங்கள் பள்ளியின் படிவம்தான் நினைவுக்கு வந்தது.

உடனே ஒரு சார்ட்டில் மொரிசோவின் 'தொட்டில்' ஓவியத்தை ஒட்டினேன். 1872-இல் வரைந்தது, 1874 கண்காட்சியில் இருந்தது. மெல்லிய வெள்ளைத் திரைக்குள் குழந்தை தூங்குகிறது. ஒரு பெண் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கீழே 'தாயன்பு' என்று எழுதினேன். பெண் ஓவியர் ஒருவரைச் சேர்த்துவிட்டேன் என்று எனக்குத் திருப்தி.

அந்தத் தலைப்பு தவறு என்று பிறகுதான் புரிந்தது. அங்கே உட்கார்ந்திருப்பவர் மொரிசோவின் அக்கா எத்மா. அவரும் ஓவியர். இருவரும் சேர்ந்தே படித்தார்கள், கோரோ என்ற பெரிய ஓவியரிடம் சேர்ந்தே பயின்றார்கள். 1869-இல் கடற்படை அதிகாரி ஒருவரை மணந்தபின் எத்மா தூரிகையை வைத்துவிட்டார். ஓவியத்தை விட்ட அக்காவை, விடாத தங்கை வரைந்திருக்கிறாள். அந்தக் கன்னத்துக் கைக்கு அன்பு என்று ஒரே சொல்லை எழுதி நான் கதவைச் சாத்திவிட்டேன். சோர்வு, யோசனை, ஏக்கம் எல்லாம் வெளியே நின்றன. பெண் பெயரைப் பட்டியலில் சேர்த்தால் மட்டும் போதாது, பட்டியல் கேட்கும் கேள்வியையும் மாற்ற வேண்டும்.

அடுத்த ஆண்டு மூன்று கேள்விகள் கேட்டேன். யார் வரைந்தது? படத்தில் யார் இருக்கிறார்கள்? அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள், யாருக்காக? 1880-களில் எட்கர் தெகா வரைந்த இஸ்திரி போடும் பெண்களைக் காட்டினேன். ஒருத்தி இரண்டு கைகளாலும் பெட்டியை அழுத்துகிறாள். பக்கத்தில் இன்னொருத்தி பாட்டிலைப் பிடித்தபடி வாய்பிளந்து கொட்டாவி விடுகிறாள். "ராத்திரியெல்லாம் தைச்சிருப்பாங்க மிஸ்" என்றாள் ஒரு சிறுமி. "இஸ்திரிடீ, தையல் இல்ல" என்று பக்கத்தில் இருந்தவள் திருத்தினாள். இருவருமே ஓவியத்தைப் பார்த்துவிட்டார்கள். அந்தக் கொட்டாவியைப் பற்றி எந்தப் பொது அறிவுப் புத்தகமும் கேட்டதில்லை.

உடன் பணிபுரிந்த ஆசிரியை ஒருவர் கோபப்பட்டார். "சென்னைப் பிள்ளைங்க மோனே பேரைச் சொல்லி க்விஸ்ல ஜெயிக்கும். நம்ம பிள்ளைங்க மட்டும் அம்மா தைக்கிறதப் பத்தியே பேசிக்கிட்டிருக்கணுமா?" நியாயமான கேள்வி. ஏழைப் பிள்ளைக்கு அவளுடைய வாழ்க்கையை மட்டுமே பாடமாக வைப்பதும் ஒரு சிறைதான். மோனே வேண்டும், ஆண்டும் வேண்டும். அந்தச் சூரியன் லெ ஆவ்ர் துறைமுகத்தின் புகைக்கும் பனிக்கும் நடுவே எழுகிறது என்பதும் தகவல்தான். 1996-இல் தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போன பாலாற்றின் கரையில் வளரும் குழந்தைக்கு அந்தப் புகையைச் சுட்டிக்காட்டினால், மோனே ஒன்றும் குறைந்துபோக மாட்டார்.

என்னை இன்னும் உறுத்துவது வேறொன்று. மொரிசோ தன் மகளுக்குப் பால் கொடுத்த செவிலியை வரைந்திருக்கிறார். கூலிக்குப் பாலூட்டும் பெண், அவளை வரைந்து சம்பாதிக்கும் பெண். வேலை செய்யும் இருவர் நேருக்கு நேர் என்று கலை வரலாற்றாளர் லிண்டா நோக்லின் இதைப் படித்துக் காட்டினார். மொரிசோவுக்கு இன்று பெயர் மீண்டுவிட்டது. செவிலி ஆன்ஷெல் என்ற ஒற்றைப் பெயரோடு நிற்கிறாள். பள்ளியில் நாற்காலியில் உட்கார்ந்து படிவம் நிரப்பிய எனக்கும், எதிரில் நின்ற அந்தத் தாய்மாருக்கும் நடுவிலும் இந்தத் தூரம் இருந்தது.

ஒருமுறை ஒரு தாயிடம், "அப்பர் தைக்கிறீங்கன்னு எழுதட்டுமாம்மா?" என்று கேட்டேன். அவர் உடனே தடுத்தார். "வேணாம் மிஸ். தோல் வேலைன்னு எழுதினா பிள்ளையோட சாதியத் தேடுவாங்க." இல்லத்தரசி என்ற சொல் அவருடைய உழைப்பை மறைக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது அவர் தன் மகளுக்குப் பிடித்த குடையாகவும் இருந்தது. அவர் சொன்னபடியே எழுதினேன்.

என் அம்மாவும் அப்பர் தைத்தவர். பள்ளி முதல் கல்லூரி வரை எல்லாப் படிவத்திலும் அவர் பெயருக்கு நேராக நான் இல்லத்தரசி என்றே எழுதினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. போன பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது கேட்டேன், "எத்தனை வருஷம் தைச்சம்மா?" அவர் தேதி சொல்லவில்லை. "நீ ரெண்டாவது படிக்கறப்ப ஆரம்பிச்சேன், உன் தம்பி கல்யாணத்தோட விட்டேன்" என்றார். இருபத்தொரு வருடம் வருகிறது.