ராமானுஜத்தின் கோடுகளும் நமது கண்களும்

சென்னை ஓவியர் கே. ராமானுஜத்தைப் (1941–1973) பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் அவருடைய மனநோயில் தொடங்கித் தற்கொலையில் முடிகின்றன. ஓவியங்கள் இடையில் வந்து போகின்றன. வாழ்க்கைக்குச் சான்றாக ஓவியத்தையும், ஓவியத்துக்குச் சான்றாக வாழ்க்கையையும் காட்டுகிற இந்த வட்டத்துக்கு வெளியே நின்று அவரைப் பார்க்க முடியுமா என்பதே நமது கேள்வி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வெக்ஸ்போர்டில் ஓர் அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் நாம் பரப்பி வைத்துப் பார்த்தவை அச்சுப் பிரதிகளே. நிறத்தைப் பற்றியும் அளவைப் பற்றியும் பிரதிகளை நம்பித் தீர்ப்புச் சொல்லுதல் தகாது. ஆனால் ராமானுஜம் முதன்மையாகக் கோட்டின் ஓவியர். பேனையும் மையுமாகத் தாளில் அவர் இழுத்த கோடு, நிறத்தைப்போல அச்சில் அவ்வளவாகக் கெட்டுப்போவதில்லை. அந்த எல்லைக்குள்ளேயே பேசுகிறோம்.

பள்ளிப் படிப்பும் சரளமான பேச்சும் வாய்க்காத இளைஞராகவே அவர் சென்னை ஓவியக் கல்லூரிக்கு வந்தார். அப்போது அதிபராயிருந்த கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977) அவரை அணைத்துக்கொண்டார். 1966இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையோரம் பணிக்கரும் மாணவர்களும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். பத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்று, அந்த வருமானத்தில் தம் கலையைக் காப்பாற்றிக்கொண்ட கூட்டு முயற்சி அது. ராமானுஜம் வாழ்ந்ததும் வரைந்ததும் இறந்ததும் அங்கேதான். அவருடைய கலை வாழ்வு மொத்தமாகப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளைத் தாண்டாது.

அவரைச் சர்ரியலிஸ்ட் என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. மாடங்கள், கோபுரங்கள், படிக்கட்டுகள், சிறகு முளைத்த பெண்கள், பாம்புகள், யானைகள், நடுவே தொப்பி அணிந்த ஒரு மனிதர் என்று விரியும் உலகைக் காண்பவருக்கு வேறு சொல் கிடைப்பதில்லை. ஆனால் 1924இல் ஆந்த்ரே பிரெதோன் பாரிஸில் அறிக்கை வெளியிட்டுத் தொடக்கிய இயக்கத்தின் வேலைமுறை வேறு. ஒன்றோடொன்று சேராத பொருட்களை மோதவிட்டு, விழித்திருக்கும் அறிவை அதிரச் செய்வது அது. மக்ரீத்தின் ஓவியங்களிலும் தொப்பிக்காரர் வருகிறார். முகமற்ற அலுவலக மனிதராக, யாராகவும் இருக்கக்கூடியவராக வருகிறார். ராமானுஜத்தின் தொப்பிக்காரர் ராமானுஜமேதான். வெளியுலகில் மதிப்புக் கிடைக்காத ஒருவர், தான் கட்டிய நகரத்துக்குள் விருந்தாளியாகவும் சில வேளை அரசராகவும் நுழைகிறார். அங்கே எதுவும் எதனோடும் மோதுவதில்லை. பாம்பின் செதிலும் தூணின் அலங்காரமும் பெண்ணின் கூந்தலும் ஒரே நெசவான குறுக்குக் கோடுகளால் ஆனவை. நாம் அதிர்ச்சி அடைவதில்லை, வரவேற்கப்படுகிறோம்.

இந்த நகரத்தின் செங்கற்களும் பாரிஸிலிருந்து வந்தவையல்ல. கோபுரத்தில் இடைவெளியின்றி நெருங்கி நிற்கும் சுதைச் சிற்பங்கள், நாடகக் கொட்டகைத் திரைச்சீலைகள், 1948இல் வந்த 'சந்திரலேகா' போன்ற படங்களின் பிரமாண்ட அரங்குகள், 1892இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றத்தின் செந்நிறக் குவிமாடங்கள் என்று சென்னையில் வளர்ந்த ஒரு பிள்ளையின் கண்ணில் விழுந்திருக்கக்கூடியவை எல்லாம் அங்கே கலந்திருப்பதாகவே நமக்குப் படுகிறது. பணிக்கர் 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் வாசிக்க முடியாத எழுத்துகளால் தளத்தை நிரப்பினார். மாணவரோ அதே நெருக்கத்தைக் கதையால் நிரப்பினார். ஆசிரியரின் பாதிப்பு உருவங்களில் இல்லை. தளத்தை வெறுமையாக விடாத பழக்கத்தில் இருக்கிறது.

நோயைப் பற்றிய பேச்சு இங்கேதான் தடுமாறுகிறது. இப்படியொரு படத்தில் ஆயிரக்கணக்கான கோடுகள் இருக்கின்றன. மையில் இழுத்த கோட்டை அழிக்க முடியாது. எது முன்னே நிற்கும், எது இருளுக்குள் போகும் என்பதை முன்கூட்டியே கணக்கிடாத கை இதைச் செய்திருக்காது. சிதைந்த மனத்தின் வெளிப்பாடு என்று சொல்லிவிடுவது இந்த உழைப்பை அவரிடமிருந்து பறிப்பதாகும். நோய் அவரை வருத்தியது உண்மை. வரைந்தது நோயல்ல.

குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. சில படங்களில் அலங்காரம் பழக்கமாகி, ஒரு மாடத்தைப் போலவே இன்னொரு மாடம் எழுகிறது. கண் களைத்துப்போகிறது. அவருடைய சாவின் நிழல் விழாமல் பார்த்தால் இவை வெறும் திறமை மட்டுமே என்று சொல்லத் தயங்கமாட்டோம். எல்லாவற்றையும் ஒரே குரலில் புகழ்வது ஏல விற்பனைக்கு உதவும். விமர்சனத்துக்கு உதவாது.

நம்மைப் போன்றவர்களுக்கு இன்னொரு சபலமும் உண்டு. தாளில் கட்டிய நகரத்தைக் கண்டதும் இழந்த ஊரைக் கண்டதுபோல மனம் நெகிழ்கிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை மறக்க முடியாதவர்களுக்குத் தாள் என்றாலே ஒரு பதைப்பு. ஆனால் ராமானுஜம் ஊரை விட்டு ஓடியவரல்லர். தன் சொந்த ஊரிலேயே இடம் கிடைக்காதவர். இரண்டும் ஒரே துயரமல்ல. நமது துயரத்தை அவருடைய மாடங்களில் குடியேற்றினால், நோயை அவர்மேல் ஏற்றியவர்களின் தவறையே நாமும் செய்தவர்களாவோம்.

சி. மோகனின் 'விந்தைக் கலைஞனின் உருவச்சித்திரம்' நாவல் அவரைத் தமிழ் வாசகரிடம் மறுபடி கொண்டுவந்தது. நாவலுக்குப் புனைய உரிமையுண்டு. விமர்சனத்துக்கு அந்த உரிமை இல்லை. பல படங்கள் தலைப்பில்லாமல் கிடக்கின்றன. எது முன்னே வந்தது, எது பின்னே வந்தது, கை எப்போது மாறியது என்று படங்களை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்க்கும் வேலை நடக்க வேண்டும். அது நடக்கும்வரை ராமானுஜத்தின் வாழ்க்கையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்போம், அவருடைய கலையைப் பற்றியல்ல.