வடபுலத்துக் கல்விப் பயணமும் ஒரு மேற்கு வாயிலும்

கட்டடக்கலை பயிலும் மாணவர்க்குக் கல்விப் பயணம் பாடத்தின் ஒரு பகுதியாகவே கருதப்பெற்று வருகிறது. முன்னாளில் அப்பயணம் வடக்கிலிருந்து தெற்கு நோக்கியே நிகழ்ந்தது. சுவீடன் நாட்டுக் குன்னர் ஆஸ்புலுண்ட் 1913-14ஆம் ஆண்டுகளில் இத்தாலிக்கும் அதற்கப்பால் துனிசியாவுக்கும் சென்று, குறிப்பேடுகள் நிறையச் சித்திரங்களோடு திரும்பினார். இன்றோ மாணவர் கூட்டம் வடதிசை நோக்கிச் செல்கிறது. அவர்கள் காண விழைவனவற்றுள் அதே ஆஸ்புலுண்டின் படைப்புகளும் உள்ளன. கோபன்ஹேகனில் தொடங்கி ஸ்டாக்ஹோமில் முடியும் இத்தடத்தை ஊன்றி நோக்குவோர்க்கு ஒன்று வியப்பளிக்கும். இறைவனை மறந்த நாடுகள் என்று நம்மவரும் எளிதாகக் கூறிவிடும் ஸ்காண்டிநேவியாவில், மாணவர் தேடிச் செல்லும் இடங்களுள் பல ஆலயங்களும் கல்லறைத் தோட்டமுமே!

இப்பயணத்தில் மாணவர் காண்பது எது, காணத் தவறுவது எது என்பதையே ஈண்டு ஆராய விழைகிறோம். நாம் கட்டடக்கலை வல்லுநர் அல்லோம். இவ்விடங்களை வரைபடங்கள் வழியும் நிழற்படங்கள் வழியுமே பயின்றோம். ஆயினும் சவப்பெட்டியின் முன் பலமுறை நடந்தவர்கள் என்னும் சிறு உரிமை நமக்குண்டு.

கோபன்ஹேகனில் கிரண்ட்விக் ஆலயம். 1921இல் கட்டத் தொடங்கியவர் யென்சன் கிளிண்ட். 1930இல் அவர் மறைய, அவர்தம் மகன் கோரே கிளிண்ட் 1940இல் நிறைவு செய்தார். இலட்சக்கணக்கான மஞ்சள் செங்கற்களே அதன் பொன்னும் பளிங்கும். அந்நகரின் புறத்தே பாக்ஸ்வேர்டில், சிட்னி இசையரங்கை வடிவமைத்த யோர்ன் உட்சோன் 1976இல் எழுப்பிய ஆலயம் உள்ளது. வெளியே தொழிற்சாலை போன்ற தோற்றம். உள்ளே முகில் திரண்டாற்போன்ற வெண்ணிறக் கூரை. அழகியதே, எனினும் நிழற்படக் கருவிக்கு மிக எளிதில் வசப்பட்டுவிடும் அழகு. நாம் அதிக நேரம் அங்கு நிற்கவில்லை.

2000இல் திறக்கப்பெற்ற ஏரசுண்ட் பாலத்தைக் கடந்தால் தென் சுவீடன். அங்கே கிளிப்பான் என்னும் சிற்றூரில், சிகுர்த் லெவெரென்ட்ஸ் தம் எண்பதாம் வயதை ஒட்டிக் கட்டிய புனித பேதுரு ஆலயம் 1966இல் நிறைவுற்றது. இது லூத்தரன் சபையினரது. ஆயினும் 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தன் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டை வெளியிட்ட அதே காலத்தில், பீடத்தைச் சூழ மக்கள் திரளும் வழிபாட்டிடத்தை அவர்களும் தேடிக்கொண்டிருந்தனர் என்பது எண்ணத்தக்கது.

இவ்வாலயத்தில் ஒரு செங்கல்லைக்கூட வெட்டக்கூடாது என்பது லெவெரென்ட்ஸ் விதித்த விதி. கல் இடத்திற்கேற்பக் குறைக்கப்படவில்லை. இடையிலுள்ள சாந்துதான் விரிந்தும் சுருங்கியும் கல்லுக்கு இடங்கொடுக்கிறது. சன்னல் கண்ணாடிகள் வெளிப்புறத்தே பொருத்தப்பட்டிருப்பதால், உள்ளிருந்து நோக்குவோர்க்குச் சட்டம் தெரியாது; சுவரில் ஓர் ஒளித்துளை மட்டுமே தெரியும். கூரையை ஒற்றை இரும்புத் தூண் சிலுவையைப் போலத் தாங்கி நிற்கிறது. திருமுழுக்குத் தொட்டியோ பெரியதொரு கடற்சிப்பி. அதிலிருந்து நீர் தரையின் பிளவுக்குள் சொட்டுகிறது. உள்ளே இருள். முதிய கண்களுக்கு அது சற்று மிகையே என்பது நம் கருத்து. ஆனால் அவ்விருளில்தான் நீர் சொட்டும் ஒலி செவிக்கு எட்டுகிறது. மாணவர் கொண்டு வரும் நூறு படங்களில் அந்த ஒலி இல்லை.

ஸ்டாக்ஹோமின் தெற்கே உள்ளது ஸ்கூக்ஷிர்க்கோகோர்டன், அதாவது காட்டுக் கல்லறைத் தோட்டம். 1915இல் நடந்த போட்டியில் ஆஸ்புலுண்டும் லெவெரென்ட்சும் இணைந்து வென்றனர். இருவர்க்கும் அப்போது வயது முப்பது. 1994இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியக் களமாக ஏற்றது. 1930களில் தகன மண்டபப் பணி ஆஸ்புலுண்டிடம் மட்டுமே ஒப்படைக்கப்பட, லெவெரென்ட்ஸ் மனம் கசந்து விலகினார்; பின்னர் நெடுங்காலம் சன்னல் கதவுகளுக்குரிய உலோகப் பொருள்களைச் செய்யும் தொழிற்சாலை நடத்தினார். ஆஸ்புலுண்டோ 1940இல் மண்டபத்தை முடித்த அதே ஆண்டில் மறைந்தார். அவரது சாம்பலும் அத்தோட்டத்திலேயே உள்ளது.

நுழைந்ததும் பரந்த புல்வெளி. பாதையோரம் உயர்ந்த கருங்கற் சிலுவை. மாணவர் படம் எடுக்கும் இடம் இதுவே. நம் உள்ளத்து உறுத்தலை ஒளிக்க வேண்டியதில்லை. வானமும் புல்லும் அவ்வளவு பெரிதாய்ப் பேசுகையில், சிலுவை நிலத்தோற்றத்தின் ஓர் அழகிய கோடாகச் சுருங்கிவிடுகிறதோ என்ற ஐயம் நமக்கு எழுந்தது. இயற்கை தேற்றுகிறது, ஒப்புகிறோம். ஆனால் தாயைப் பறிகொடுத்தவனுக்குப் புல்வெளி விடை சொல்லுமா?

அந்த ஐயத்தோடு மேலும் சென்றால், தியானக் குன்று எதிர்ப்படும். அதன் படிகள் மேலே ஏற ஏற உயரம் குறைந்துகொண்டே போகின்றன. துயரத்தால் தளர்ந்தவர் உச்சிக்கு அருகில் மூச்சு வாங்காதிருக்க வேண்டும் என்பதற்காகவாம்! கண்ணுக்குப் புலப்படாத இக்கனிவைக் கால்களே அறியும். குன்றிலிருந்து 888 மீட்டர் நீளமுள்ள நேர்ப்பாதை மரங்களினூடே செல்கிறது. முதலில் ஒளி கசியும் பூர்ச்ச மரங்கள். போகப் போக ஊசியிலை மரங்கள் அடர்ந்து இருள்கின்றன. விரைந்து நடப்பவர் பத்து நிமிடத்தில் கடந்துவிடலாம். துயருற்றோர் அவ்வாறு நடப்பதில்லை.

பாதை முடியுமிடத்தில் லெவெரென்ட்ஸ் 1925இல் கட்டி முடித்த உயிர்த்தெழுதல் சிற்றாலயம். தூண்கள் நிறைந்த முகப்பு மண்டபம் வடக்கே, ஆலயத்தோடு ஒட்டாமல், சற்றே கோணி நிற்கிறது. அதன் வழியே உள்ளே சென்றால் தெற்குச் சுவரின் ஒற்றைச் சன்னல் வழியே வரும் கதிரொளி சவப்பெட்டியின் பக்கம் விழும். சடங்கு முடிந்தபின் எவரும் வந்த வழியே திரும்புவதில்லை. மேற்கே உள்ள எளிய வாயில் வழியாகக் கல்லறைகள் இருக்கும் தாழ்நிலத்திற்கு இறங்கிச் செல்கின்றனர். புல்வெளியில் எழுந்த நம் கேள்விக்கு இவ்வாலயம் சொல்லும் விடை அதன் பெயரில் மட்டுமன்று, இந்த நடையிலும் உள்ளது. வாயிலில் அலங்காரமில்லை. வரைபடத்தில் அது சுவரின் ஒரு சிறு இடைவெளி. சவப்பெட்டியைப் பின்தொடர்ந்து வருபவரே அதன் பொருளை அறிவர்.

நாம் பார்த்த நூல்கள் யாவும் வடக்கு முகப்பையே, தூண்கள் விளங்கப் பக்கம் நிறைய அச்சிட்டிருந்தன. மேற்கு வாயிலின் படம் ஒன்றைத் தேடித்தான் கண்டெடுக்க வேண்டியிருந்தது.